ஆடாத நாளின் வரலாறு: யோம் கிப்பூரும் அமெரிக்கப் பேஸ்பாலும்

விளையாட்டின் வரலாறு பொதுவாக ஆடப்பட்ட ஆட்டங்களைக் கொண்டே எழுதப்படுகிறது. அமெரிக்க யூதர்களின் விளையாட்டு நினைவு இதற்கு ஒரு விதிவிலக்கு. அதில் தலைமையிடம் பெற்றிருப்பவை இரண்டு பேஸ்பால் வீரர்கள் ஆடாமல் விட்ட இரண்டு நாட்கள். 1934 செப்டம்பர் 19 அன்று டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் ஹாங்க் கிரீன்பெர்க் களமிறங்கவில்லை. 1965 அக்டோபர் 6 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் சாண்டி கோஃபாக்ஸ் பந்து வீசவில்லை. இரண்டு நாட்களும் யோம் கிப்பூர். தமிழ் விவிலியம் பாவநிவிர்த்தி நாள் எனக் குறிப்பிடும் நோன்பு நாள்.

இவ்விருவரும் சமய விதிகளை நாள்தோறும் கடைப்பிடித்து வாழ்ந்தவர்கள் அல்லர். ஆண்டு முழுவதும் சனிக்கிழமைகளில், அதாவது யூத ஓய்வுநாளான சபாத்தில், ஆடியவர்கள். ஆயினும் அவர்கள் ஆடாத ஒரு நாள் தலைமுறை தாண்டி நினைவுகூரப்படுகிறது. அந்நாளின் புனிதத்திற்கு வீரரின் பக்தியைவிடப் பார்வையாளரின் தேவையே பெரிதும் காரணமாக இருந்தது. அத்தேவை எத்தகையது என்பதை அறிய, சமயத்தின் வரலாற்றோடு உழைப்பின் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் நாட்காட்டி. யூத நாட்காட்டி சந்திர மாதங்களைச் சூரிய ஆண்டோடு இணைப்பது. 19 ஆண்டுகளில் ஏழு ஆண்டுகள் கூடுதலாக ஒரு மாதம் பெறும். இந்தியப் பஞ்சாங்கங்களின் அதிக மாதத்தை அறிந்தவர்களுக்கு இம்முறை புதிதன்று. இதன்படி திஷ்ரி மாதம் எப்போதும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களை ஒட்டியே அமையும். அதன் முதல் நாள் ரோஷ் ஹஷானா என்னும் புத்தாண்டு. பத்தாம் நாள் யோம் கிப்பூர். நாள் என்பது சூரிய மறைவில் தொடங்குவதால், முதல்நாள் மாலையிலிருந்து ஏறத்தாழ 25 மணி நேரம் உணவும் நீரும் தொழிலும் விலக்கப்படும். அமெரிக்கப் பேஸ்பால் பருவம் முடிவை நெருங்குவதும் இதே வாரங்களில்தான். இரு நாட்காட்டிகளும் ஒன்றையொன்று அறியாமல் உருவானவை. ஆனால் அவற்றின் உச்சங்கள் ஆண்டுதோறும் ஒரே வாரங்களில் மோதுகின்றன.

விளையாட்டரங்கைப் பற்றிய யூத மரபின் ஐயம் மிகப் பழையது. பொதுக்காலத்திற்கு முந்தைய இரண்டாம் நூற்றாண்டில், கிரேக்க ஆட்சியின்கீழ் எருசலேமில் உடற்பயிற்சிக் கூடம் ஒன்று நிறுவப்பட்டது. பலிபீடத் திருப்பணியைப் புறக்கணித்துவிட்டுக் குருக்களே போட்டிகளுக்கு ஓடினர் என மக்கபேயர் இரண்டாம் நூல் குறைகூறுகிறது. அந்நூலாசிரியரின் பார்வையில் விளையாட்டு என்பது அந்நியப் பண்பாட்டின் நுழைவாயில். களத்தை நாடுவது பலிபீடத்தைக் கைவிடுவதற்கு ஒப்பானது.

பாபிலோனியத் தல்மூதின் அவோதா ஸாரா என்னும் பகுதியில் இதே வினா வேறு வடிவில் எழுகிறது. ரோமானிய அரங்குகளுக்கு யூதர்கள் செல்லலாமா? செல்லலாகாது என்பது பெரும்பான்மைக் கருத்து. முதல் சங்கீதம் கண்டிக்கும் பரிகாசக்காரர்களின் இருக்கையாகவே அரங்கு கருதப்பட்டது. ரபி நாத்தான் மட்டும் இரண்டு காரணங்களுக்காக அனுமதிக்கிறார். தோற்ற வீரனைக் கொல்வதா விடுவதா என்பதைக் கூட்டத்தின் கூச்சல் தீர்மானிக்கும் இடத்தில், அங்கிருக்கும் ஒருவர் குரல் எழுப்பி அவ்வுயிரைக் காக்கலாம். அவன் இறந்துவிட்டால் அதற்குச் சாட்சி கூறி, அவனுடைய மனைவி மறுமணம் செய்துகொள்ள வழிசெய்யலாம். கணவனின் மரணம் உறுதிப்படாத பெண் மறுமணம் செய்துகொள்ள யூதச் சட்டம் இடமளிப்பதில்லை. ஆட்டத்தின் சுவையைப் பற்றி ரபி நாத்தான் ஒன்றும் கூறவில்லை. பார்ப்பவர்க்கு ஒரு கடமை உண்டு என்பதே அவரது அனுமதியின் அடிப்படை.

சொல்வரலாறும் இவ்விடத்தில் நோக்கத்தக்கது. ஆங்கிலத்தில் விளையாட்டு ஆர்வலரைக் குறிக்கும் ஃபேன் என்ற சொல் ஃபனாட்டிக் என்பதன் சுருக்கம் எனக் கொள்வது பொது வழக்கு. அதன் வேர் கோயிலைக் குறிக்கும் ஃபானும் என்ற இலத்தீன் சொல். தமிழின் ரசிகர் என்ற சொல்லோ சுவையைக் குறிக்கும் ரசம் என்பதிலிருந்து வந்தது. ஒரு சொல்லில் கோயிலும் மற்றொன்றில் கலையரங்கும் மறைந்திருக்கின்றன. டெட்ராய்டில் 1934இல் நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ள முதல் சொல்லே கூடுதலாக உதவும்.

1881க்கும் 1924க்கும் இடையில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இருபது லட்சத்திற்கும் மேற்பட்ட யூதர்கள் அமெரிக்காவில் குடியேறினர். அவர்களுள் பெருந்தொகையினர் நியூயார்க் போன்ற நகரங்களின் ஆடைத் தொழிற்கூடங்களில் வேலை செய்தனர். வாரம் ஆறு நாட்கள் வேலை, விடுமுறை ஞாயிறு. சனிக்கிழமை வேலைக்கு வராத தொழிலாளி திங்கட்கிழமை தன் இடத்தில் வேறொருவரைக் காண நேரலாம். பல மாநிலங்களின் ஞாயிறு ஓய்வுச் சட்டங்கள், சனிக்கிழமை கடையடைத்தவர் அடுத்த நாள் திறந்து இழப்பை ஈடுசெய்யவும் தடையாக நின்றன. ஊரில் யாவரும் கடைப்பிடித்த சபாத், புதிய நாட்டில் கூலியை விலையாகக் கேட்டது. பலர் வேறு வழியின்றி அதைக் கைவிட்டனர்.

கொங்கண் கடற்கரையின் பெனே இஸ்ரேல் யூதர்களின் வரலாறு இதற்கு நேரெதிரான காட்சியைத் தருகிறது. எண்ணெய் ஆட்டுவதைத் தொழிலாகக் கொண்டிருந்த அவர்களை மராத்தி பேசும் அண்டை மக்கள் சனிவார் தேலி என்றழைத்தனர். சனிக்கிழமை செக்கோட்டாத வாணியர் என்பது பொருள். எபிரேய மொழியும் பெருமளவு மறந்துபோன ஒரு சமூகத்தை, வேலை செய்யாத நாளே அடையாளம் காட்டியது. செக்கு அவர்களுடையதாக இருந்தமையால் அதை நிறுத்தும் உரிமையும் அவர்களிடமே இருந்தது. நியூயார்க்கின் தையல் இயந்திரம் தொழிலாளிக்கு உரியதன்று. ஓய்வுநாளைக் காப்பது நம்பிக்கையை மட்டும் பொறுத்ததன்று, உற்பத்திக் கருவியை நிறுத்தும் அதிகாரத்தையும் பொறுத்தது என்பதை இவ்வொப்பீடு தெளிவாக்குகிறது.

இந்தக் குடியேறிகளின் பிள்ளைகளே பேஸ்பாலைப் பற்றிக்கொண்டனர். மகன் இவ்விளையாட்டில் நேரத்தை வீணாக்குகிறான் என ஒரு தந்தை 1903இல் ஃபோர்வெர்ட்ஸ் என்னும் யித்திஷ் நாளிதழுக்கு எழுதினார். படிப்புக்கு இடையூறு இல்லாதவரை பிள்ளைகளை ஆடவிடுங்கள் என்பது ஆசிரியர் ஆபிரகாம் கஹானின் பதில். சொந்த நாட்டிலேயே பிள்ளைகள் அந்நியராக வளரக்கூடாது என்பது அவர் கவலை. அவ்விதழே 1909இல் ஆட்டத்தின் விதிகளை வரைபடத்துடன் விளக்கிக் கட்டுரை வெளியிட்டது. மக்கபேயர் நூல் அந்நியப் பண்பாட்டின் வாயிலாகக் கண்டதை, கஹான் குடியுரிமையின் வாயிலாகக் கண்டார் எனலாம்.

ஹாங்க் கிரீன்பெர்க் 1911இல் நியூயார்க்கில் பிறந்தவர். ருமேனியாவிலிருந்து குடியேறிய பெற்றோர் வைதிக நெறியைப் பேணியவர்கள். அவர் ஆடிய டெட்ராய்ட் நகரம் ஹென்றி ஃபோர்டின் தொழில்மையம். ஃபோர்டின் டியர்போர்ன் இண்டிபெண்டன்ட் இதழ் 1920 முதல் யூத வெறுப்புக் கட்டுரைகளைத் தொடராக வெளியிட்டு, 1927இல் நின்றுபோனது. எதிரணியினரின் இனவசை கிரீன்பெர்க்குக்கு அன்றாட அனுபவமாக இருந்தது. 1935 உலகத் தொடரில் சிகாகோ கப்ஸ் அணியினரின் வசைகள் எல்லை மீறியபோது, நடுவர் ஜார்ஜ் மோரியார்ட்டி ஆட்டத்தின் நடுவே அவர்களை எச்சரிக்க வேண்டியிருந்தது.

1934இல் டைகர்ஸ் 1909க்குப் பிறகு முதன்முறையாக அமெரிக்கன் லீக் பட்டத்தை நெருங்கியது. செப்டம்பர் 10 அன்று ரோஷ் ஹஷானா. அன்றே பாஸ்டன் அணியுடன் ஆட்டம். கிரீன்பெர்க் ஆடலாமா என்பது நகரம் முழுவதற்கும் உரிய விவாதமாயிற்று. பத்திரிகைகள் ரபிகளைத் தேடிச் சென்று கருத்துக் கேட்டன. முடிவு அவருடைய மனச்சான்றுக்கு உரியது என்பது ரபி லியோ ஃபிராங்க்ளின் தெரிவித்த கருத்து. கிரீன்பெர்க் ஆடினார். டைகர்ஸ் 2-1 என வென்றது. அவ்விரண்டு ஓட்டங்களும் அவர் அடித்த இரண்டு ஹோம் ரன்களால் கிடைத்தவை. டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ் நாளிதழ் எபிரேய எழுத்துகளில் அவருக்குப் புத்தாண்டு வாழ்த்தை அச்சிட்டது. ஃபோர்டின் இதழ் வெளிவந்த அதே நகர்ப்புறத்தில் பொது நாளிதழ் ஒன்று எபிரேய எழுத்தை வாழ்த்தாக ஏந்தியது சிறு நிகழ்வன்று.

ஒன்பது நாட்கள் கழித்து வந்த யோம் கிப்பூரில் அவர் ஆடவில்லை. யாங்கீஸ் அணியிடம் டைகர்ஸ் 5-2 எனத் தோற்றது. பட்டம் பெரும்பாலும் கைக்கு எட்டிவிட்ட நிலையில் முடிவு எளிதாயிற்று என்பதையும், தந்தையின் வற்புறுத்தல் அதில் இருந்ததையும் மறந்துவிடலாகாது. அன்று அவர் ஷாரே ஸெடெக் ஜெப ஆலயத்திற்குள் நுழைந்தபோது வழிபாட்டினர் கைதட்டி வரவேற்றனர். அவர் கூச்சத்தில் குறுகிப்போனார். நோன்பு நாளின் வழிபாட்டில் கைதட்டலுக்கு இடமில்லை. மக்கபேயர் காலத்தில் குருக்கள் பலிபீடத்தை விட்டுக் களத்திற்கு ஓடினர். டெட்ராய்டில் வீரர் களத்தை விட்டு ஆலயத்திற்கு வந்தார், அரங்கின் ஆரவாரமும் அவரைப் பின்தொடர்ந்து வந்தது. எட்கர் கெஸ்ட் இந்நிகழ்வைப் பாராட்டி, ஐரிஷ் வழிவந்த ரசிகர்களின் கூற்றாக ஒரு கவிதையும் எழுதினார். ஆடியதற்குக் கிடைத்த புகழைவிட ஆடாததற்குக் கிடைத்த மதிப்பு நீடித்தது.

ஒரு தனிமனிதரின் தயக்கம் நிறைந்த முடிவு கூட்டு நினைவாக மாறியதை விளக்க, கித்துஷ் ஹஷேம் என்னும் யூதக் கருத்தாக்கம் துணைசெய்யும். இறைவனின் பெயரைப் புனிதப்படுத்துதல் என்பது அதன் சொற்பொருள். இடைக்கால ஐரோப்பாவில் மதமாற்றத்தை ஏற்காமல் உயிர்துறந்தோரைக் குறிக்க இச்சொல் பயன்பட்டது. பிறர் காண நிகழ்வது இதன் முக்கியக் கூறு. அறையின் தனிமையில் காக்கும் நோன்பும் ஐம்பதாயிரம் பேர் அறியக் காக்கும் நோன்பும் விதியளவில் ஒன்றே. சமூகத்தின் கணக்கில் அவை ஒன்றல்ல. கிரீன்பெர்க் உயிரைத் துறக்கவில்லை, ஓர் ஆட்டத்தை மட்டுமே துறந்தார். ஆனால் சபாத்தைக் கூலிக்காக விட்டுக்கொடுத்த தந்தையரும், அதைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளும், முதலாளியிடம் தாங்கள் சொல்ல முடியாத மறுப்பை ஒருவர் உரக்கச் சொன்னதாகவே அதைக் கொண்டனர். அவர் அவர்களுடைய பதிலாளாக நோன்பிருந்தார்.

சாண்டி கோஃபாக்ஸ் 1935இல் புரூக்ளினில் பிறந்தவர். 1965 பருவத்தில் 382 மட்டையாளர்களை ஸ்டிரைக் அவுட் செய்தவர். அக்காலத்தின் தலைசிறந்த பந்துவீச்சாளர். அவ்வாண்டின் உலகத் தொடர் முதல் ஆட்டம் மினசோட்டாவில் யோம் கிப்பூர் அன்று அமைந்தது. அவருக்குப் பதிலாக டான் டிரைஸ்டேல் வீசினார். டாட்ஜர்ஸ் 8-2 எனத் தோற்றது. தானும் யூதனாக இருந்திருக்கலாம் என இப்போது எண்ணுகிறீர்கள் அல்லவா என்று, களத்திலிருந்து வெளியேறிய டிரைஸ்டேல் மேலாளரிடம் கேட்டதாக ஒரு வேடிக்கைக் கதை வழங்கிவருகிறது. மறுநாள் கோஃபாக்ஸும் தோற்றார். பின்னர் ஐந்தாம் ஆட்டத்திலும், இரண்டே நாள் ஓய்வில் வீசிய ஏழாம் ஆட்டத்திலும் எதிரணிக்கு ஓர் ஓட்டமும் கொடாமல் தொடரை வென்று தந்தார்.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையிலான வேறுபாடு முக்கியமானது. 1934இல் நகரம் விவாதித்தது, ரபிகள் கருத்துரைத்தனர், வீரர் தத்தளித்தார். 1965இல் அத்தகைய தத்தளிப்பு இல்லை. இதில் முடிவெடுக்க ஒன்றுமே இருக்கவில்லை, அந்நாளில் தான் வேலை செய்வதில்லை என்பதை அணி நிர்வாகம் முன்பே அறியும் என்ற பொருளில் கோஃபாக்ஸ் அடுத்த ஆண்டு வெளியான தன்வரலாற்றில் எழுதினார். விளையாட்டை அவர் வேலை என்றே கொண்டது கவனத்திற்குரியது. ரசிகருக்குக் கொண்டாட்டமாக இருப்பது அவருக்குத் தொழில். தொழிலை நிறுத்துவதே அந்நாளின் விதி.

அன்று அவர் எங்கிருந்தார் என்பதில்தான் வரலாறும் நினைவும் பிரிகின்றன. செயின்ட் பால் நகரின் டெம்பிள் ஆஃப் ஆரன் ஜெப ஆலயத்தில் அவரைக் கண்டதாகப் பலர் பின்னாளில் கூறினர். 2002இல் வெளியான ஜேன் லீவியின் வாழ்க்கை வரலாற்று நூலோ, அவர் ஹோட்டல் அறையிலேயே தங்கியிருந்தார் என நண்பர்கள் கூறியதைப் பதிவுசெய்கிறது. அவரைக் கண்டதாகச் சொன்னவர்களைப் பொய்யர்கள் எனத் தள்ளுவது எளிது. ஆனால் அது ஆய்வுக்கு உதவாது. களத்தில் அவர் இல்லாமை உறுதியான செய்தி. அந்த வெற்றிடத்தைத் தங்கள் ஆலயத்தின் ஓர் இருக்கையால் நிரப்பிக்கொள்ள மக்கள் விரும்பினர். ஆடாமை மட்டும் அவர்களுக்குப் போதவில்லை. தங்களோடு அமர்ந்து வழிபட்ட ஒருவர் தேவைப்பட்டார்.

இதே 1965 ஜூலையில்தான், வேலைவாய்ப்பில் சமயப் பாகுபாட்டைத் தடைசெய்யும் அமெரிக்கக் குடிமை உரிமைச் சட்டத்தின் ஏழாம் பிரிவு நடைமுறைக்கு வந்தது. ஊழியரின் சமயக் கடைப்பிடிப்புக்கு, மிகையான இடர் விளையாதவரை, நிறுவனம் இடமளிக்க வேண்டும் என்ற விதி 1972 திருத்தத்தில் சேர்ந்தது. ஆனால் சனிக்கிழமை ஓய்வைக் காத்த ஒரு கிறித்தவ விமானநிறுவன ஊழியரின் வழக்கில், சிறிதளவுக்கு மேற்பட்ட எந்தச் செலவும் மிகையான இடரே என உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. அவ்வளவுகோல் 2023இல், ஞாயிறு ஓய்வு கோரிய ஓர் அஞ்சல் ஊழியரின் வழக்கில்தான் கடுமையாக்கப்பட்டது. கோஃபாக்ஸின் மறுப்பை ஒரு நாடே மதித்துப் போற்றியது. அதே மறுப்பைச் சொன்ன சாதாரண ஊழியர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. நட்சத்திரத்தின் மறுப்பு மதிக்கப்பட்டதற்கு அவருடைய இடத்தை நிரப்ப ஆளில்லை என்பது பெருங்காரணம். தையற்கூடத் தொழிலாளியின் இடத்தை நிரப்ப வாசலிலேயே ஆள் நின்றது.

பிற்காலத்தில் இம்மரபு தளர்ந்தும் மாறியும் தொடர்ந்தது. டாட்ஜர்ஸ் வீரர் ஷான் கிரீன் 2001இல் யோம் கிப்பூருக்காக விலகியபோது, இடைவிடாமல் 415 ஆட்டங்கள் ஆடிய அவரது தொடர்ச்சி முறிந்தது. 2004இல் நோன்பு தொடங்கிய வெள்ளிக்கிழமை இரவு ஆடி, வெற்றி தேடித்தந்த ஹோம் ரன்னை அடித்தார், மறுநாள் ஆடவில்லை. சூரிய மறைவில் நாள் தொடங்கும் யூத விதிப்படி அவர் நோன்பின் ஒரு பகுதியை ஆடிக் கழித்தார். சட்டநெறியில் இவ்வாறு பாதியாகப் பிரிப்பதற்கு இடமில்லை. ஆனால் அடையாளத்தின் நெறி அதை ஏற்றுக்கொண்டது. ஆடாத நாள் விதியின் பிடியிலிருந்து விலகிக் குறியீட்டின் எல்லைக்குள் வந்துவிட்டதை இந்நிகழ்வு காட்டுகிறது.

குறியீட்டின் எல்லை எங்கே முடிகிறது என்பதை வைதிக நெறி பேணும் இளம் வீரர்கள் காட்டுகின்றனர். 2021 வீரர் தேர்வில் ஜேக்கப் ஸ்டைன்மெட்ஸை அரிசோனா அணியும், எலி கிளிக்மனை வாஷிங்டன் அணியும் தேர்ந்தெடுத்தன. ஸ்டைன்மெட்ஸ் சபாத்தில் ஆடுவார்; ஆனால் வாகனத்தில் ஏறாமல் களத்திற்கு நடந்தே செல்வார். கிளிக்மன் சபாத்தில் ஆடவே மாட்டார். அணியில் சேராமல் கல்லூரிப் படிப்பையே தேர்ந்தார். ஆண்டுக்கு ஒருமுறை விலகும் நட்சத்திரத்தைத் தொழில்முறை விளையாட்டு மகிழ்ச்சியோடு கொண்டாடும். வெள்ளி இரவும் சனிக்கிழமையும் வாரந்தோறும் விலகும் ஓர் இளைஞருக்கு, 162 ஆட்டங்கள் கொண்ட அதன் பருவத்தில் இடம் கிடைப்பது மிக அரிது. நூறாண்டுக்கு முன் தையற்கூடத்தில் எழுந்த சிக்கல் தீராமல் அப்படியே இருக்கிறது.

ஆகவே 1934, 1965 நிகழ்வுகளைச் சிறுபான்மைச் சமயம் பொதுவெளியில் பெற்ற வெற்றிகளாக மட்டும் வாசிப்பது பாதி வாசிப்பே. நாள்தோறும் விட்டுக்கொடுத்தவர்கள், விட்டுக்கொடுக்காத ஒருவரின் ஒரே ஒரு நாளைப் பொதுச்சொத்தாக ஆக்கிக்கொண்டதன் வரலாறு அது. அதில் பெருமிதம் உண்டு; இழப்பும் உண்டு. விளையாட்டு வரலாற்றை எழுதுவோர் கிரீன்பெர்க், கோஃபாக்ஸ் ஆகியோரின் பெயர்களோடு, அவர்களைப் பார்த்துக் கைதட்டியவர்கள் சனிக்கிழமைகளில் எங்கே வேலை செய்தார்கள் என்ற கேள்வியையும் எழுப்ப வேண்டும். அரங்கில் அமர்ந்திருப்பவரின் குரல் களத்தில் இருப்பவனைக் காக்கப் பயன்பட வேண்டும் என்பது ரபி நாத்தானின் நிபந்தனை. கோஃபாக்ஸுக்காக எழுந்த பாராட்டுக்குரல், அதே நாளில் விடுப்புக் கேட்ட பெயர் தெரியாத தொழிலாளிக்காகவும் எழுந்ததா என்பதைக் கொண்டே அந்த ரசிகத்தன்மையின் சமயப் பெறுமானம் அளக்கப்பட வேண்டும்.